வளைந்தால் போதாது, உடைய வேண்டும்: வீட்டில் பெமிக்கன் செய்வது எப்படி

நான் முதன்முதலில் செய்த பெமிக்கன் மூன்றாவது வாரமே பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போனது. இரண்டு கிலோ இறைச்சி, ஒரு சனி ஞாயிறு முழுக்க அடுப்படியில் நின்ற நேரம், திரைச்சீலை வரைக்கும் ஏறிய கொழுப்பு வாடை, எல்லாம் வீண். டப்பாவைத் திறந்தால் கட்டிகளின் மேல் சாம்பல் நிறத்தில் பொட்டுப் பொட்டாக இருந்தது. காரணத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. இறைச்சித் துண்டு விறைப்பாக வளைந்ததைப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். வளைவது போதாது, உடைய வேண்டும். கீழே வரப்போகும் எல்லாவற்றையும் மறந்துபோனாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

பெமிக்கன் என்னவென்று கேட்பவர்களுக்கு: கொழுப்பு நீக்கிய இறைச்சியைச் சருகாகக் காயவைத்து, இடித்துப் பொடியாக்கி, அதே எடைக்கு உருக்கிய கொழுப்பை ஊற்றி இறுக்கிய கட்டி. வட அமெரிக்கச் சமவெளியின் பூர்வகுடிகள் பைசன் இறைச்சியில் செய்தது. பெயர் கிரீ மொழியிலிருந்து வந்தது. அந்த மொழியில் 'பிமீ' என்றால் கொழுப்பு. நீலகிரியில் தேயிலைத் தோட்டத்துக்குள் வந்து நிற்கும் காட்டுமாட்டையும் சிலர் பைசன் என்பார்கள். இது வேறு மிருகம், முன்பக்கம் கம்பளி போர்த்தியது போல இருக்கும்.

நான் குடியிருக்கும் கனடாவின் வின்னிபெக் நகரத்துக்கு இந்தக் கட்டியோடு ஒரு ரத்தச் சரித்திரமே உண்டு. அப்போது கம்பளித்தோல் வியாபாரத்துக்காகப் படகில் துடுப்பு போட்டவர்களுக்கு வழிச்சோறு இதுதான். 1814 ஜனவரியில் இங்கிருந்த குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மக்டொனல், பெமிக்கனை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று தடை போட்டார். குடியேறியவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. ஆனால் அதை விற்றுப் பிழைத்த, பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மேட்டி மக்களுக்கும், வாங்கிப் பிழைத்த கம்பளித்தோல் வியாபாரிகளான நார்த் வெஸ்ட் கம்பெனிக்கும் அது வயிற்றில் அடித்த கதை. பகை முற்றி, 1816 ஜூன் 19 அன்று செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் சண்டையாக வெடித்தது. அடுத்து வந்த ஆளுநர் ராபர்ட் செம்பிளும் அவருடைய ஆட்கள் 20 பேரும் செத்தார்கள். அந்த இடத்தின் நினைவுத்தூண் இன்று மெயின் ஸ்ட்ரீட் ஓரத்தில் நிற்கிறது. சாப்பாட்டுக் கட்டிக்கா இவ்வளவு என்று தோன்றும். செய்து முடித்துக் கையில் எடுத்துப் பாருங்கள், அதன் கனம் புரியும்.

வாங்க வேண்டியவை

முதல் தடவைக்கு ஒரு கிலோ பெமிக்கன் போதும். அதற்கு, கொழுப்பையும் சவ்வையும் வெட்டி எறிந்த பிறகு இரண்டு கிலோ தேறுகிற மாதிரி இறைச்சி வாங்க வேண்டும். மாட்டிறைச்சியில் பின்தொடைப் பகுதிதான் சரி, அங்கேதான் கொழுப்பு குறைவு. எங்கள் மாகாணமான மனிட்டோபாவில் பைசன் இறைச்சி கடையில் கிடைக்கும், விலைதான் கையைக் கடிக்கும். பழகும்வரை மாட்டிறைச்சியே போதும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் மானிறைச்சியிலோ கொழுப்பில்லாத ஆட்டுத் தொடையிலோ செய்யலாம். கோழி வேண்டாம், அதன் கொழுப்பு இறுகாது, வழுவழுவென்றே கிடக்கும்.

கொழுப்பு 700 கிராம். கறிக்கடையில் வெட்டி ஒதுக்கும் ஏதோ ஒரு கொழுப்பைக் கொடுத்தால் வாங்காதீர்கள். கிட்னியைச் சுற்றி வெள்ளையாக, கட்டியாக, கையால் நொறுக்கினால் உதிர்கிற மாதிரி இருக்குமே, அதைக் கேளுங்கள். இங்கே 'சூயட்' என்றால் எடுத்துத் தருவார்கள். உருக்கி ஆறவிட்டால் மெழுகு மாதிரி இறுகுவது இதுதான். நெய் ஊற்றிச் செய்யலாமா என்று கேட்காத தமிழர் இல்லை. செய்யலாம், ருசியும் நன்றாக இருக்கும். ஆனால் சாதாரண அறைச் சூட்டிலேயே இளகிக் கையெல்லாம் வழியும், கட்டியாக நிற்காது.

பழம் கட்டாயமில்லை. போடுவதானால் 60 கிராம், அதுவும் நன்றாகக் காய்ந்தது. இங்கே ஜூலையில் பழுக்கும் சாஸ்கட்டூன் பழம்தான் பழைய வழக்கம். பக்கத்து மாகாணத்தின் சாஸ்கட்டூன் நகரத்துக்கே அந்தப் பழத்தின் பெயர்தான். கடையில் விற்கும் உலர்ந்த கிரான்பெரியில் சர்க்கரையும் எண்ணெயும் ஈரமும் சேர்ந்திருக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள். உப்பு பூர்வீக முறையில் இல்லை. நம் நாக்குக்கு வேண்டுமானால் ஒரு டீஸ்பூன்.

இவை தவிர சமையல் தராசு ஒன்றும், இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றும் வேண்டும். கண்ணளவு, கையளவு என்று வாழ்நாளெல்லாம் சமைத்த பரம்பரை நாம். இங்கே மட்டும் அந்தக் கெத்து வேண்டாம்.

வெட்டுவதும் சூடேற்றுவதும்

இறைச்சியை ஒன்றரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் பாதி உறைந்து, கத்திக்கு அடங்கிக் கொடுக்கும். வெள்ளையாகத் தெரியும் கொழுப்பு, சவ்வு, நரம்பு எல்லாவற்றையும் சீவி எறியுங்கள். இறைச்சியோடு ஒட்டிக்கொண்டு காயும் கொழுப்புக்குள் ஈரம் தங்கி, முதலில் சிக்கு வாடை கிளம்புவது அங்கிருந்துதான். அப்புறம் ஐந்து மில்லிமீட்டர் கனத்துக்குத் துண்டு போடுங்கள். கனம் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று காயும், பக்கத்தில் இன்னொன்று ஈரமாகவே கிடக்கும்.

அடுத்தது பழைய முறையில் இல்லாத ஒரு வேலை. சமவெளியில் இறைச்சியை விரிப்பு மாதிரி மெல்லிசாக அரிந்து, கம்புப் பந்தலில் தொங்கவிட்டு, வெயிலும் காற்றும் கீழே மெல்லப் புகையும் நெருப்புமாகக் காயவைத்தார்கள். அந்த வறண்ட காற்று நம் சமையலறையில் கிடையாது. இறைச்சியும் அன்று வேட்டையாடியதில்லை, எத்தனையோ கை மாறி வந்தது. பச்சையாகவே உலர்த்தும் பெட்டிக்குள் வைத்தால், ஈரம் ஆவியாகும்போது இறைச்சியின் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். கிருமிகள் சாவதற்குப் பதிலாக அந்த இளஞ்சூட்டுக்குப் பழகிக்கொள்ளும். அதனால் முதலில் 135 டிகிரி செல்சியஸ் ஓவனில் துண்டுகளைத் தட்டில் பரப்பி, உள்ளே 71 டிகிரி வரும்வரை சூடேற்றுங்கள். இவ்வளவு மெல்லிய துண்டில் வெப்பமானியை எப்படிக் குத்துவது என்றால், ஒரு துண்டை அதன் முனையைச் சுற்றி வெற்றிலை மடிப்பது போல மடித்துப் பிடித்துப் பாருங்கள். எண் தெரியும்.

காயவைப்பது

உலர்த்தும் பெட்டி இருந்தால் 70 டிகிரியில் வையுங்கள். இல்லையென்றால் ஓவனே போதும். பல ஓவன்களில் மிகக் குறைந்த சூடே 77 டிகிரிதான், பரவாயில்லை. கதவின் இடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகிவையுங்கள், ஆவி வெளியே போக வழி வேண்டுமே. துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் போடுங்கள்.

எட்டு மணி நேரத்திலிருந்து பதினான்கு மணி நேரம் வரை ஆகலாம். கடிகாரத்தைப் பார்க்காமல் இறைச்சியைப் பாருங்கள். ஒரு துண்டை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது எல்லாமே வளையும், அதை நம்பினால் என் கதிதான். ஆறியதை மடக்குங்கள். மடங்கி வெள்ளை நார் தெரிந்தால், அது வழியில் கொறிக்கிற உலர் இறைச்சி; இன்னும் பாதி தூரம் இருக்கிறது. மொட்டைமாடியில் நான்கு நாள் வெயில் கண்ட வெங்காய வடகத்தை விரலால் அழுத்தினால் 'டக்' என்று ஒடியுமே, அந்தச் சத்தம் கேட்க வேண்டும். தடிப்பான துண்டாகப் பார்த்து எடுத்துச் சோதியுங்கள். மெல்லியதைச் சோதித்து மனதைத் தேற்றிக்கொள்வதில் பலனில்லை.

சத்தத்தில் சந்தேகமிருந்தால் தராசு இருக்கிறது. மொத்தத்தையும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு மணி நேரம் காயவிட்டு மறுபடி போடுங்கள். எடை இறங்கியிருந்தால் ஈரம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு தடவையும் ஒரே எடை என்றால் முடிந்தது. இரண்டு கிலோ இறைச்சி கடைசியில் 450 முதல் 550 கிராம்தான் நிற்கும். பார்த்ததும் நெஞ்சு கொஞ்சம் அடைக்கும். கொழுப்பற்ற இறைச்சியில் முக்கால் பங்கு தண்ணீர்தான், அதைத்தான் காசு கொடுத்து வாங்கி ஆவியாக்கினோம்.

உப்புக்கண்டம் போட்டுப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே உப்பும் மஞ்சளும் பாதி வேலையைப் பார்த்துவிடும், கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்தாலும் காப்பாற்றும். கொடியில் மாலையாகத் தொங்குகிற உப்புக்கண்டத்தைத் தொட்டால் தோல் மாதிரி வளையும். அந்தப் பதத்தை நினைவில் வைத்துக்கொண்டு இங்கே வந்தால் ஏமாந்துபோவீர்கள். இங்கே காவலுக்கு உப்பு இல்லை, வறட்சி ஒன்றுதான்.

காய்ந்ததை அப்படியே சூடு ஆறியதும் பொடிக்க வேண்டும். மிக்ஸியின் சின்ன ஜாரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு விட்டு விட்டு ஓட்டுங்கள். நைசான மாவாக்க வேண்டாம். மாசிக்கருவாட்டை இடித்தது போல, பாதி தூளும் பாதி பஞ்சு நாருமாக இருந்தால் கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும். அரைக்கும்போது எங்காவது ரப்பர் மாதிரி ஒரு துண்டு சிக்கினால், அது காயாதது, பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

ஜாரில் இரண்டு நிமிட வேலை இது. சமவெளியில் கல் சுத்தியலால் தோல் விரிப்பின் மேல் இதை மணிக்கணக்காக இடித்தவர்கள் பெண்கள். அரிவதும், காயவைப்பதும், இடிப்பதும், கொழுப்பை உருக்குவதும், பைசன் தோலில் பை தைத்து நிரப்பி வாயை மூடித் தைப்பதும் எல்லாம் அவர்கள் கைதான். ஒரு பை 90 பவுண்டு, அதாவது 41 கிலோ. 1840இல் இங்கிருந்த ரெட் ரிவர் குடியிருப்பிலிருந்து கிளம்பிய ஒரே ஒரு வேட்டைக்கு 1,210 மரவண்டிகள் போயின. அத்தனை வண்டி இறைச்சியையும் பதப்படுத்தியது யார் என்று யோசித்துப் பார்த்தால், வேட்டைக் கதைகளில் துப்பாக்கி பிடித்தவர்களைப் பற்றி மட்டுமே பேசுவது கொஞ்சம் அநியாயமாகத்தான் தெரிகிறது.

கொழுப்பு உருக்குவது

வீட்டில் வெண்ணெய் காய்ச்சி நெய் எடுத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் இந்தப் பகுதியில் பாதி உங்களுக்குத் தெரியும்.

கொழுப்பைப் பொடிப்பொடியாக நறுக்குங்கள். பாதி உறைந்திருந்தால் எளிது. இடையில் ரத்தக்கறையோ இறைச்சித் துணுக்கோ இருந்தால் எடுத்துவிடுங்கள். அடிகனத்த பாத்திரத்தில் போட்டு, அடுப்பை மிகச் சிறிய தீயில் வையுங்கள். சிலர் தண்ணீர் ஊற்றி உருக்குவார்கள், நமக்கு அது வேண்டாம். தண்ணீரை விரட்டத்தானே இவ்வளவு பாடு. முதல் அரை மணி நேரம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அப்புறம் அடியில் எண்ணெய் விடும், பொங்கிப் பொங்கிச் சலசலக்கும். அந்தச் சலசலப்பு முழுக்கக் கொழுப்புக்குள் இருக்கும் தண்ணீர் கொதிக்கிற சத்தம். நெய்யில் சத்தம் அடங்கியதும் முருங்கைக்கீரையைப் போடுவோமே, அதே காத்திருப்புதான் இங்கேயும். இரண்டு மணி நேரம் ஆகலாம், மூன்றும் ஆகலாம். சத்தம் ஓய்ந்து, குமிழி அடங்கி, துணுக்குகள் பொன்னிறமாகச் சுருங்கி அடியில் உட்காரும். அப்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். கருகவிட்டால் கசப்பு மொத்தத்திலும் ஏறும்.

கொஞ்சம் ஆறியதும் சுத்தமான பழைய வேட்டித்துணியை இரண்டாக மடித்து அதில் வடிகட்டுங்கள். பாத்திரத்தில் ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது, சூடான கொழுப்பில் பட்டால் வெடித்து மேலே தெறிக்கும். உருகிக்கொண்டிருக்கும்போது அடுப்பை விட்டுப் போகாதீர்கள். தப்பித்தவறித் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து, மூடியால் மூடிவிடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. இன்னொன்று, மிச்சக் கொழுப்பைத் தொட்டியில் கொட்டாதீர்கள். ஒரு ஜனவரியில் நான் கொட்டினேன். குழாய்க்குள் போனது போன இடத்திலேயே மெழுகாக உறைந்தது. பிளம்பருக்குக் கொடுத்த காசில் இன்னும் மூன்று தடவை பெமிக்கன் செய்திருக்கலாம்.

வடித்தது ஆறினால் வெள்ளைவெளேரென்று இறுகும். தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் வர வேண்டும். தொட்டால் குழைந்தால் அதற்குள் ஈரம் இருக்கலாம், அல்லது வாங்கிய கொழுப்பு சரியான இடத்துக் கொழுப்பாக இல்லாமல் இருக்கலாம்.

சேர்ப்பது

பொடியை எடை போடுங்கள். 500 கிராம் என்றால் கொழுப்பும் 500 கிராம். கண்ணுக்குப் பொடி மலையாகவும் கொழுப்பு கொஞ்சமாகவும் தெரியும்; எடையை மட்டும் நம்புங்கள். இத்தனை கொழுப்பு எதற்கு என்று முகம் சுளிக்க வேண்டாம். கொழுப்பே இல்லாத இறைச்சியை மட்டும் நாள்கணக்கில் தின்றால் வயிற்றுப்போக்கும் சோர்வும் வந்து உடம்பு விழுந்துவிடும், குளிர்நாட்டு வேட்டைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 100 கிராம் பெமிக்கனில் 600 கலோரிக்கு மேல் இருப்பதும் இந்தக் கொழுப்பால்தான்.

கொழுப்பை மறுபடி இளக்கி, 50 டிகிரிக்கும் 60க்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சூடானால் பொடி வறுபட்டுப்போகும், கொழுப்பும் அடியில் தேங்கும். ஆறிப்போனால் வெள்ளை வெள்ளையாகத் திரண்டு ஒட்டாது. பொடி இருக்கும் பாத்திரத்தையும் இளஞ்சூடான ஓவனில் கொஞ்சம் சூடாக்கிக்கொண்டால் நல்லது. பழத்தைப் பொடித்துக் கலந்து, உப்பு போடுவதானால் இப்போதே போட்டு, கொழுப்பைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறுங்கள். ஒவ்வொரு நாரும் பளபளவென்று நனைந்திருக்க வேண்டும். கையில் எடுத்து அழுத்தினால் ரவா உருண்டை போல நிற்கும், விரலிடுக்கில் லேசாகக் கொழுப்பு கசியும். அதுதான் பதம்.

பட்டர் பேப்பர் விரித்த தட்டில் கொட்டி, கரண்டியின் பின்புறத்தால் இறுக அழுத்துங்கள். உள்ளே காற்று தங்கினால் அந்தப் பொந்திலிருந்துதான் சிக்கு ஏறத் தொடங்கும். முக்கால்வாசி இறுகியதும் கத்தியால் கோடு போட்டுவிடுங்கள். முழுக்க இறுகிய பிறகு வெட்டினால் பாறையை வெட்டுகிற வேலைதான்.

எடுத்துவைப்பது

அந்தக் காலத்தில் பல வருடம் கெடாமல் இருந்தது உண்மை. ஆனால் உங்கள் முதல் கட்டியை நம்பி அலமாரியில் வைக்காதீர்கள். ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி, காற்றுப் புகாத பையில் போட்டு, தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். மலையேறப் போகும்போது வேண்டிய அளவு மட்டும் எடுத்துப் போனால் போதும். சென்னை, மதுரைக் கோடையில் செய்பவர்கள் ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வைக்கும் எண்ணத்தையே விட்டுவிடலாம். 40 டிகிரியில் இந்தக் கொழுப்பே இளக ஆரம்பித்துவிடும். பழைய எண்ணெய் வாடை அடித்தாலோ, பூஞ்சை ஒரு பொட்டு தெரிந்தாலோ, சுரண்டிவிட்டு மிச்சத்தைத் தின்னலாம் என்று பார்க்காமல் முழுவதையும் எறிந்துவிடுங்கள்.

சாப்பிடுவது

உண்மையைச் சொல்கிறேன், குளிர்ந்த கட்டியைக் கடித்தால் முதல் வாய் மெழுகுவர்த்தி போலத்தான் இருக்கும். கொழுப்பு மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். அறைச் சூட்டுக்கு வரவிட்டு, சின்னத் துண்டாக மெதுவாக மென்றால், பின்னால் இறைச்சியின் ருசி வரும், பழம் போட்டிருந்தால் லேசான புளிப்பும் வரும். மேட்டி மக்களிடம் இதைவிட நல்ல வழி இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்கவிட்டு, உருளைக்கிழங்கு, வெங்காயம், கேரட் போட்டு, ஒரு கட்டியை உதிர்த்துவிட்டு, கொஞ்சம் மாவு கரைத்து ஊற்றினால் 'ரபபூ'. வெங்காயத்தோடு சட்டியில் வதக்கினால் 'ரூசோ'. ரபபூவில் நான் மிளகு தட்டிப் போடுவேன், இரண்டு பல் பூண்டும். வழக்கத்துக்கு விரோதம்தான், ஆனால் மைனஸ் முப்பதில் நடந்து வந்து குடிக்கும்போது மூக்கு திறந்துகொள்கிறது.

கொழுப்பு வடிகட்டிய துணியில் பொன்னிறக் கசண்டு மிஞ்சியிருக்கும். உப்பு தூவிச் சூடாகத் தின்னலாம், சீக்கிரத்தில் திகட்டிவிடும். நான் உப்பு போடாமல் ஆறவிட்டு, கொஞ்சம் கொழுப்போடு சேர்த்து உருட்டி, கம்பி வலைக்குள் வைத்துப் பின்பக்க மரத்தில் கட்டிவிடுகிறேன். கறுப்புத் தொப்பி வைத்தது போல ஒரு குட்டிக் குருவி இங்கே உண்டு, சிக்கடி என்பார்கள். எவ்வளவு பனியானாலும் காலையில் வந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கொத்தும்.